வாய் வைத்து இழுத்த தண்ணீர்

எங்கள் மேல் வீட்டுக்காரிக்கு வெடுக்கு என்று பெயர் வைத்தது யார் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கட்டடத்துக்குக் குடிவருகிறவர்களுக்கு யாரும் அதைச் சொல்லித் தருவதும் இல்லை. ஒருமுறை அவளோடு பேசினால் போதும், அந்தப் பெயர் தானாகவே வாயில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நான் குடிவந்த வாரமே அவளோடு சண்டை. நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். ஒரு நர்ஸுக்குத் தைத்த வெள்ளைச் சட்டையை அலசி பால்கனிக் கொடியில் போட்டிருந்தேன். எடுக்கப் போனபோது தோள்பட்டையில் சொட்டுச் சொட்டாகப் பழுப்புக் கறை. அண்ணாந்து பார்த்தேன். மேல் வீட்டுக் கம்பியில் கட்டைவிரல் பருமனில் கண்ணாடி போன்ற டியூப்கள் நீளநீளமாகத் தொங்கின. அவற்றின் நுனியிலிருந்துதான் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறினேன். கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டையைத்தான் பார்த்தாள்.

"கீழ்வீடா? துணி காயப்போடறதுக்கு முன்னாடி மேல என்ன தொங்குதுன்னு பாக்க மாட்டீங்களா?"

"நான் எதுக்குங்க பாக்கணும்? நீங்கதானே பாக்கணும்!"

"மீன் தொட்டி டியூப் அது. உள்ள ஈரம் நின்னா பூசணம் பிடிக்கும். தொங்கவிட்டாத்தான் காயும். தொங்கவிட்டது என் தப்பில்ல. கீழ வீடு கட்டினான் பாருங்க, அவன் தப்பு."

அவளுக்குப் பின்னால் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் என்ன கேட்க வந்தேன் என்பதே மறந்துபோய் இறங்கி வந்துவிட்டேன். ஆனால் மறுநாள் காலையில் பார்த்தால் டியூப்கள் எல்லாம் பால்கனியின் மறுகோடிக்குப் போயிருந்தன. கீழே ஒரு பக்கெட்டும் வைத்திருந்தது. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் சுபாவம் அதுதான் என்று போகப்போகத் தெரிந்துகொண்டேன். முதலில் திட்டு, பிறகு நியாயம். இரண்டுக்கும் நடுவில் மன்னிப்பு என்று ஒன்று கிடையாது.

வெடுக்கு முன்பு ஒரு மீன் கடையில் விற்பனைக்கு நின்றவள். வளர்ப்பு மீனும் தொட்டியும் விற்கும் கடை. கடைக்காரர் கடையை மூடிவிட்டு ஊரைவிட்டுப் போனார். மீன் வாங்கியவர்கள் எங்கே போவார்கள்? தொட்டி பச்சையாகிவிட்டது, மீன் மேலே வந்து வாயைத் திறக்கிறது என்று அவளுக்கே போன் செய்தார்கள். "வாங்கத் தெரிஞ்சுதுல்ல? தண்ணி மாத்தத் தெரியாதா?" என்று கத்திவிட்டு, அதே மூச்சில் விலாசம் கேட்டுக்கொண்டு போய் மாற்றிக் கொடுத்தாள். அதுவே தொழிலாகிவிட்டது. வீடுகள், அலுவலகங்கள், ஓட்டல் வரவேற்பறைகள். தொட்டித் தண்ணீரில் ஒரு பங்கை டியூப் வழியாகக் கீழே பக்கெட்டுக்கு இறக்குவது, அடியில் கிடக்கும் கழிவையும் அதோடு உறிஞ்சி எடுப்பது, புதுத் தண்ணீர் விடுவது. பார்க்கிறவர்களுக்கு இதென்ன பிரமாதம் என்றுதான் தோன்றும்.

அவள் பாதி நேரம் செலவழித்தது தொட்டியில் அல்ல, டியூபில். வேலை முடிந்து வந்ததும் அகலமான டப்பில் சுடுதண்ணீரும் வினிகரும் ஊற்றி எல்லாவற்றையும் ஊறப்போடுவாள். பிறகு ஒரு நூலில் துணியை உருண்டையாகக் கட்டி, டியூபின் ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் இழுப்பாள். அந்தத் துணிக்குத்தான் என்னிடம் வருவாள். வெட்டி மிஞ்சிய துண்டுகள் என்னிடம் மூட்டையாகக் கிடக்கும். "காட்டன் மட்டும் குடுங்க, அந்த வழுக்குத் துணி வேண்டாம்" என்பாள். அலசிய பிறகு இரண்டு நுனியும் கீழே பார்க்கத் தொங்கவிட வேண்டும். நடுவில் தொய்வு விழுந்தால் அங்கே தண்ணீர் தேங்கும், தேங்கிய இடத்தில் கறுப்பு பிடிக்கும். ஒரு தொட்டியின் டியூபை இன்னொன்றில் போடவும் மாட்டாள். ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தில் டேப் சுற்றியிருக்கும்.

இதையெல்லாம் அவளோடு சேர்ந்து செய்தவள் அவளுடைய நாத்தனார். அன்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவள். அவளைப் பஞ்சு என்று கூப்பிடுவார்கள். பேச்சு, நடை, சிரிப்பு எல்லாமே மெத்தென்று இருக்கும். கல்யாணமாகிப் போன இடத்திலிருந்து ஒருநாள் ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். ஏன் வந்தாய் என்று வெடுக்கு கேட்கவில்லை. "அலமாரியில ரெண்டு தட்டு காலி பண்ணிட்டேன், உன் துணிய வை" என்றாளாம். "அதையும் அண்ணி திட்டற மாதிரிதான் சொன்னாங்க" என்று பஞ்சு என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

அந்த அண்ணன் லாரி ஓட்டுகிறவர். வீட்டில் இருக்கும் நாள் குறைவு. இருக்கும்போதும் மனைவி பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தே அவருக்குப் பேச்சு மறந்துபோயிருந்தது.

இரண்டு பெண்களும் ஒரே ஸ்கூட்டரில் போவார்கள். முன்னால் வெடுக்கு, பின்னால் பக்கெட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு பஞ்சு. சிக்னலில் யாராவது குறுக்கே வந்தால் வெடுக்கு திட்டுவாள். பஞ்சு திட்டு வாங்கியவரைப் பார்த்து, பரவாயில்லை என்பதுபோலத் தலையாட்டுவாள். வாடிக்கையாளர்களிடமும் இதே கதைதான். அண்ணி கீறிவிட்டுப் போவாள், நாத்தனார் மருந்து போடுவாள்.

அவர்களுக்கு வந்த பெரிய வேலை ஒரு பல் ஆஸ்பத்திரி. நல்ல தெருவில், கண்ணாடிக் கதவு போட்ட கட்டடம். நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் சுவர் நீளத்துக்கு ஒரு தொட்டி. பல் பிடுங்கப் பயந்து உட்கார்ந்திருக்கிறவர்கள் மீனைப் பார்த்தால் பயம் குறையுமாம். தொட்டியைத் தாங்கும் மேடைக்குள் மரக்கதவு போட்ட அலமாரி. அங்கே ஒரு மேனேஜர் இருந்தார். சட்டைக் கையில் ஒரு மடிப்பு விழுந்தாலும் முகம் சுளிக்கிறவர்.

ஈர டியூபைத் தூக்கிக்கொண்டு இவர்கள் கூடத்தைக் கடந்து போவது அவருக்குப் பிடிக்கவில்லை.

"பேஷன்ட்ஸ் பாக்கறாங்கம்மா. இங்கயே வச்சுட்டுப் போங்க. கீழ அலமாரி சும்மாதானே இருக்கு."

"மூடின அலமாரியில ஈர டியூப வச்சா பூசணம் பிடிக்கும் சார்" என்றாள் வெடுக்கு.

"தொடைச்சு வைங்க."

"வெளிய தொடைக்கலாம். உள்ள எப்படி சார் தொடைக்கறது, நாக்க விட்டா?"

மேனேஜரின் முகம் போன போக்கைப் பார்த்துப் பஞ்சு குறுக்கே வந்தாள். "சரி சார், நாங்க பாத்துக்கறோம் சார்." பிறகு அண்ணியைத் தனியாக அழைத்துச் சமாதானம் செய்தாள். அலமாரிக்குள் மேலே ஒரு ஆணி அடித்து, இரண்டு நுனியும் தொங்குகிற மாதிரி மாட்டிவிடலாம். கதவை ஒரு விரல் அகலம் திறந்து வைக்கச் சொல்லலாம். வெடுக்கு முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டாள். ஆணியும் அவளே அடித்தாள். ஒவ்வொரு சுத்தியல் அடியிலும் மேனேஜர் பெயர் இருந்தது என்று பஞ்சு சொன்னாள்.

சில மாதம் அப்படி ஓடியது.

அந்தக் காலையில் மேல் வீட்டில் சத்தம் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது. என் தையல் மெஷினையும் மீறிக் கேட்டது. ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலிருந்து அழைப்பு. ஓர் அலுவலகத்தில் தொட்டி கசிகிறது, வெடுக்கு அங்கே ஓட வேண்டும். பல் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சு தனியாகப் போக வேண்டும். பஞ்சு கிளம்பத் தாமதமாகிவிட்டது. "உனக்கு எல்லாமே மெதுவாத்தான்! தண்ணிகூட உன்ன முந்திக்கிட்டு ஓடும்!" என்று கத்திவிட்டு, இருந்த ஒரே பையை வெடுக்கு தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

அந்தப் பையில்தான் ரப்பர் பந்து இருந்தது. டியூபின் நுனியில் மாட்டி அமுக்கினால் தண்ணீர் இறங்கத் தொடங்கும். அது இல்லையென்றால் டியூபை முழுக்கத் தண்ணீருக்குள் அமிழ்த்தி நிரப்பிக்கொள்ள வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். அதுவும் இல்லையென்றால் வாய் வைத்து இழுப்பார்கள். வாய் வைக்கக் கூடாது என்பது வெடுக்கு போட்ட சட்டம்.

ஆஸ்பத்திரி திறக்கும் நேரத்துக்குள் வேலை முடிந்தாக வேண்டும். கூடத்தில் பாதி விளக்குதான் போட்டிருந்தது. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். பஞ்சு அலமாரியைத் திறந்தபோது ஆணியில் டியூப் இல்லை. மூலையில் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் சுருட்டித் திணித்து, வாயை இறுக்கி முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். அவிழ்த்தாள். உள்ளே என்ன இருந்தது என்பதை அந்த மங்கலான வெளிச்சத்தில் அவள் சரியாகப் பார்க்கவில்லை.

"அலசிட்டு வந்துடறேன் சார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாள்.

"டயமாச்சும்மா, சீக்கிரம்."

ஒரு நுனியைத் தொட்டிக்குள் விட்டு, மறுநுனியில் வாய் வைத்து இழுத்தாள். வழக்கம்போலச் சட்டென்று வரவில்லை. உள்ளே ஏதோ அடைத்திருந்தது. மூச்சை அடக்கி இன்னும் பலமாக இழுத்தாள். அடைப்பு விட்டுக்கொண்டு மொத்தமாக வந்தது. கறுப்பாக, கொழகொழவென்று, வாய் நிறைய. துப்புவதற்குள் பாதி தொண்டைக்குள் போய்விட்டது. புரையேறி, இருமி, தரையில் கையூன்றி உட்கார்ந்தவளுக்கு மேனேஜர் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, தரையில் சிந்தியதைத் துடைக்க ஆள் கூப்பிட்டார்.

பஞ்சு மிச்ச வேலையையும் முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். அவள் அப்படித்தான்.

அன்றைக்கே வயிறு கலங்கியது. அடுத்தடுத்த நாட்களில் காய்ச்சலும் இருமலும் ஏறின. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவள் இருமுவது என் வீட்டுக் கூரை வழியாகக் கேட்டது. அதோடு வெடுக்கின் குரலும். "வாய் வைக்காதேன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்? சொன்னா ஏறுதா மண்டையில? சின்னப் பிள்ளையா நீ?" கஞ்சியைக் காய்ச்சி ஊட்டும்போதும் திட்டு, நெற்றியில் ஈரத்துணி போடும்போதும் திட்டு. கடைசியில் மூச்சு வாங்க ஆரம்பித்தபோது நானும் அவளும்தான் பஞ்சுவைக் கைத்தாங்கலாகப் படியிறக்கி ஆட்டோவில் ஏற்றினோம். ஆட்டோவிலும் வெடுக்கு நிறுத்தவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே போன அழுக்கு நுரையீரலில் இறங்கிச் சீழ் பிடித்திருந்தது. "இன்னும் தாமதிச்சிருந்தா கஷ்டமாயிருக்கும்" என்றார் அங்கே இருந்த டாக்டரம்மா.

பஞ்சுவுக்கு மூக்கில் குழாய் வைத்திருந்தார்கள். கொஞ்சம் தெளிந்து கண் திறந்தபோது கட்டிலருகே நாங்கள் இருவரும் இருந்தோம். வெடுக்கு மறுபடி ஆரம்பித்தாள். "ஒரு நிமிஷம் என்னக் கூப்பிட்டிருந்தா..."

"அண்ணி" என்றாள் பஞ்சு. குரல் தேய்ந்திருந்தது. ஆனால் அது அவளுடைய பழைய குரல் இல்லை. "கொஞ்சம் நிறுத்தறீங்களா?"

வெடுக்கு நிறுத்தினாள்.

"பந்து உங்க பையில இருந்துது. நீங்க என்னத் திட்டிக்கிட்டே எடுத்துட்டுப் போயிட்டீங்க."

"நீ கேட்டிருக்கலாம்ல?"

"எப்பக் கேக்கறது? நீங்க மூச்சு விட்டாத்தானே?" இருமல் வந்தது. அடங்கிய பிறகு தொடர்ந்தாள். "பஞ்சுக்குக் கோபமே வராதுன்னு எல்லாரும் சொல்றீங்க. எனக்கும் வரும் அண்ணி. அங்க இருந்து பொட்டியத் தூக்கிட்டு வந்தப்பவே வந்துது. நம்ம வீட்ல கோபப்பட இடம் எங்க இருக்கு? எல்லா இடத்தையும் நீங்களே பிடிச்சுக்கிட்டீங்க."

வெடுக்கு கட்டில் கம்பியிலிருந்து கையை எடுத்தாள். எழுந்து வராந்தாவுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். அழுகிறாளோ என்று நினைத்தேன். இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"டெய்லரம்மா, நீங்க இவகூட இருங்க. நான் ஒரு இடத்துக்குப் போய்ட்டு வரணும்."

"எங்க?"

"அந்த டியூப ஆணியிலேருந்து எடுத்தது யாருன்னு கேக்கணும்."

அங்கே நடந்ததை அன்று பல் காட்டப் போய்க் காத்திருந்த ஒரு பெண்மணி பிறகு என்னிடம் சொன்னார். என்னிடம் துணி தைப்பவர்தான். வெடுக்கு பாதி சொன்னாள், அவர் மீதியைச் சொன்னார்.

கூடம் நிறைய ஆட்கள். வெடுக்கு யாரிடமும் எதுவும் கேட்காமல் நேராகத் தொட்டிக்குப் போய் மண்டியிட்டு அலமாரியைத் திறந்தாள். டியூப் மறுபடியும் கவருக்குள் இருந்தது. மறுபடியும் அதே முடிச்சு. கவரின் மேல் ஒரு பல் இளித்துக்கொண்டிருக்கும் படம். அந்த ஆஸ்பத்திரியில் மருந்து போட்டுக் கொடுக்கும் கவர் அது.

மேனேஜர் வேகமாக வந்தார். "என்னம்மா, சொல்லாம கொள்ளாம வந்து..."

"இதக் கவர்ல போட்டுக் கட்டினது யாரு சார்?"

"எங்களுக்கு என்ன தெரியும்? உங்க சாமான் நீங்கதானே வச்சீங்க."

"கவர் யாரோடது?"

அவர் கவரைப் பார்த்தார். இளிக்கும் பல்லைப் பார்த்தார். "அது... அலமாரியத் தெறந்தா வாடை அடிச்சுது. ஈரம் மரத்துல ஊறக் கூடாதுன்னு க்ளீன் பண்ற ஆளுகிட்ட மூடி வைக்கச் சொன்னேன். இதுல என்ன இருக்கு?"

"இதுல என்ன இருக்குன்னு காட்டறேன்."

வரவேற்பு மேசையில் இருந்த கத்தரிக்கோலை எடுத்தாள். டியூபை அந்த வெள்ளை மேசைமேல் கிடத்தி நீளவாக்கில் கிழித்தாள். உள்சுவர் முழுக்கக் கறுப்பு. ஈரமாக, தோல்போலப் பிடித்திருந்தது. அந்த நாற்றத்தில் முன்வரிசையில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு குழந்தை ஓவென்று அழுதது.

"இதத்தான் என் நாத்தனார் குடிச்சா சார். அலசிட்டு வரேன்னு சொன்னவள சீக்கிரம் சீக்கிரம்னு நீங்க நின்னு விரட்டினீங்க. இப்ப அவ மூக்குல குழாயோட படுத்திருக்கா. நெஞ்செல்லாம் சீழு."

"வாய் வைக்கச் சொல்லி நானா சொன்னேன்?"

"இல்ல. அதுக்கு நான் இருக்கேன், பந்த எடுத்துட்டுப் போனவ. என் தப்ப நான் சுமந்துக்கறேன். உங்க தப்பு எங்க இருக்கு? அத யாரு சுமக்கறது?"

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து பல் டாக்டர் வந்தார். முகமூடியைத் தாடைக்கு இறக்கினார். மேசையைப் பார்த்தார், கிழிந்த டியூபைப் பார்த்தார், வெடுக்கைப் பார்த்தார். "மொதல்ல இந்த டேபிள க்ளீன் பண்ணுங்க" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு உள்ளே திரும்பிப் போய்விட்டார்.

அதைச் சொல்லும்போது வெடுக்குக்குக் குரல் உடைந்தது. "மேனேஜர் மறுத்ததுகூடப் பெருசில்ல டெய்லரம்மா. அந்த டாக்டரு. படிச்சவரு, உசிர் எதுன்னு தெரிஞ்சவரு. அந்தப் பொண்ணு இப்ப எப்படி இருக்கான்னு ஒரே ஒரு வார்த்த. அதுகூட வரல. டேபிளாம், டேபிளு!"

பல் ஆஸ்பத்திரி வேலை அன்றோடு போனது. அது மட்டும் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குள் புகுந்து ரகளை செய்த பொம்பளை என்று பேச்சுப் பரவி, அந்தத் தெருவில் இருந்த வேறு சில இடங்களும் இனி வர வேண்டாம் என்றன. லாரியிலிருந்து வந்த கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "டியூபோட சேத்து அந்த ஆளையும் கிழிச்சிருக்கலாம்" என்றார். வருஷக்கணக்கில் அவர் சொன்ன நீளமான வாக்கியம் அதுதான் என்று வெடுக்கு பெருமையாகச் சொன்னாள்.

பஞ்சு மெலிந்து வீடு திரும்பினாள். படியேறும்போது இரண்டு இடத்தில் உட்கார்ந்தாள். வீட்டுக்குள் சத்தம் குறைந்திருந்தது. வெடுக்கு வாயைத் திறப்பாள், ஏதோ ஞாபகம் வந்தவள்போல மூடிக்கொள்வாள். அதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

ஒருநாள் சாயங்காலம் நான் கதவைத் திறந்துபோட்டு ஒரு சட்டைக்குப் பொத்தான் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த மேனேஜர் படியேறிப் போனார். பின்னாலேயே நானும் மேலே போய் நின்றேன். சும்மா சொல்வானேன், வேடிக்கை பார்க்கத்தான் போனேன்.

கதவைத் திறந்தது பஞ்சு. வெடுக்கு உள்ளே டப்பின் முன்னால் உட்கார்ந்து டியூப்களை அலசிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்திப் பார்த்தாள், அசையவில்லை.

"நீங்க இருப்பீங்கன்னுதான் வந்தேம்மா" என்றார் மேனேஜர் பஞ்சுவிடம். "தொட்டி ரொம்ப மோசமாயிடுச்சு. தண்ணி பச்சையா இருக்கு. வேற ஆள வச்சுப் பாத்தோம், சரியா வரல. மீன் ஒவ்வொண்ணா மெதக்குது. பேஷன்ட்ஸ் கேக்கறாங்க." குரலைத் தாழ்த்தினார். "நீங்க மட்டும் வாங்க. அவங்க வேண்டாம். உங்ககிட்ட எங்களுக்கு ஒரு பிரச்சனையும் இல்ல. நீங்க சாந்தமானவங்க."

பஞ்சு கதவை இன்னும் அகலமாகத் திறந்தாள்.

"சார், படியேறி வந்து இவ்ளோ நேரமாச்சு. நான் எப்படி இருக்கேன்னு நீங்க கேக்கவே இல்லயே."

"அது... நல்லாத்தானே இருக்கீங்க."

"நல்லாத்தானே இருக்கேனா?" அவள் குரல் ஏறியது. அந்தக் குரல் அவ்வளவு உயரம் போகும் என்று எனக்குத் தெரியாது. "ஒரு படி ஏறினா மூச்சு வாங்குது எனக்கு! படுத்தா இருமல், சிரிச்சா இருமல். ஈரம் மரத்துல ஊறக் கூடாதுன்னு உங்களுக்குத் தோணிச்சு. மனுஷி நெஞ்சுல ஊறினாப் பரவாயில்லையா? அலசிட்டு வரேன்னு கெஞ்சினேன், கடிகாரத்தக் காட்டினீங்க! தரையில உக்காந்து நான் செத்துக்கிட்டிருந்தேன், நீங்க தரையத் தொடைக்க ஆள் கூப்பிட்டீங்க! சாந்தமானவளா? யாரு சாந்தமானவ? எங்க அண்ணி கத்தினா அது காத்தோட போயிடும். நான் எதையும் மறக்க மாட்டேன், தெரிஞ்சுக்கோங்க!"

கீழ் மாடியிலும் மேல் மாடியிலும் கதவுகள் திறந்தன. மேனேஜர் ஒரு படி இறங்கினார்.

"இருங்க, போகாதீங்க. நான் வரேன். தண்ணி மாத்த இல்ல. அந்த மீன எடுத்துட்டு வர. உங்ககிட்ட இருந்தா அது ஒண்ணும் மிஞ்சாது. நாளைக்குக் காலையில நாங்க ரெண்டு பேரும் வருவோம், பேஷன்ட்ஸ் இருக்கும்போதே வருவோம், அந்தக் கூடத்து வழியாவே பக்கெட்டத் தூக்கிட்டுப் போவோம். யாராவது வழிய மறிச்சா, நீங்க செஞ்சத அங்க உக்காந்திருக்கற ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் நானே சொல்லுவேன்."

அவர் இறங்கிப் போய்விட்டார். பஞ்சு கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள். உள்ளேயிருந்து வெடுக்கு ஈரக்கையோடு ஓடிவந்து முதுகைத் தடவினாள்.

"என்னடி இது, படியில நின்னு இப்படிக் கத்தறே? அக்கம்பக்கத்துல என்ன நெனப்பாங்க?"

நான் சிரித்துவிட்டேன். கட்டடமே சிரித்தது. பஞ்சு மட்டும் சிரிக்கவில்லை. "நெனைக்கட்டும் அண்ணி" என்றாள்.

சொன்னபடி மறுநாள் போனார்கள். யாரும் மறிக்கவில்லை. மேனேஜர் கண்ணிலேயே படவில்லையாம். பச்சைத் தண்ணீருக்குள் கைவிட்டுத் தேடி, உயிரோடு மிஞ்சியிருந்தவற்றைப் பக்கெட்டில் போட்டுக்கொண்டு கூடத்தின் நடுவாக நடந்து வந்தார்கள். வால் கிழிந்த ஒரு பெரிய ஆரஞ்சு மீனும், பெயர் தெரியாத சில சின்னவையும். மேல் வீட்டுக் கூடத்தில் இப்போது அவற்றுக்கு ஒரு தொட்டி இருக்கிறது. வெடுக்கு அந்த ஆரஞ்சு மீனையும் விடுவதில்லை. "தின்னு, தின்னு, தின்னுட்டு மொறைக்கறத பாரு" என்று அதோடும் சண்டை.

வேலை மெல்லத் திரும்பி வந்தது, வேறு தெருக்களிலிருந்து. புதிதாக ஓர் இடத்துக்குப் போனால் டியூபை எங்கே காயவைப்பது என்பதைப் பஞ்சுதான் முதலில் பேசுகிறாள். முடியாது என்றால் உட்காரக்கூட மாட்டாள், கிளம்பிவிடுவாள். ரப்பர் பந்து ஆளுக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். வீட்டுக்குள் இப்போது இரண்டு பேரும் கத்துகிறார்கள். எனக்குத்தான் கூரை அதிர்கிறது.

பல் ஆஸ்பத்திரிக் கூடத்தில் தொட்டி இருந்த இடத்தில் டிவி மாட்டிவிட்டார்கள் என்று அந்தப் பெண்மணி வந்து சொன்னார். டாக்டரும் மேனேஜரும் அப்படியே நன்றாகத்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு எதுவும் ஆகவில்லை. போன வாரம் துணித்துண்டு வாங்க வந்த வெடுக்கிடம் இதைச் சொன்னேன். மேலே பஞ்சு இருமும் சத்தம் கேட்டது. குளிர் நாளில் இன்னும் வருகிறது அந்த இருமல்.

"இன்னமும் அவங்கமேல கோபமா?" என்று கேட்டேன்.

வெடுக்கு கூரையை அண்ணாந்து பார்த்தாள். இருமல் நிற்கும்வரை காத்திருந்தாள்.

"அவளுக்கு அது நிக்கட்டும் டெய்லரம்மா. அதுக்கப்பறம் யோசிக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் துணியை அள்ளிக்கொண்டு படியேறிப் போனாள்.